கேள்வி உங்களது: எண்ணெய்க் கப்பலின் இரண்டாவது சுவருக்கு யார் காசு?

போன இதழில் 2024 ஜூன் மாதம் சிங்கப்பூரில் நடந்த எண்ணெய்க் கசிவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். "பாதுகாப்பு விதிகள் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்" என்று. அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர், விதி இருந்து என்ன கிழித்தது என்கிறார்கள். மீதிப் பேர், விதி கூடிக்கூடித்தான் தொழில் படுத்துவிட்டது என்கிறார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க எண்ணெய்க் கப்பலும், அதன் எண்ணெய்த் தொட்டிக்கு வெளியே விதிப்படி கட்டும் இரண்டாவது இரும்புச் சுவரும்தான். மாமியார் பிரச்சினை, வீட்டுக் கடன், இடியாப்பம் உதிர்வது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பேராசிரியர் இல்லை, ஜூரோங், துவாஸ் பக்கக் கப்பல் பட்டறைகளில் இருபத்தெட்டு வருஷம் டாங்க் டாங்காக இறங்கி ஏறியவன். அதனால் என் பதிலில் துரு வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

பேத்தியோடு மணல்வீடு கட்டும் பாட்டி, பிடோக்
ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அப்போது தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. குழந்தையைத் தண்ணீரில் விடவே முடியவில்லை. எண்ணெய்க் கப்பலுக்கு அத்தனை விதி என்கிறீர்களே, பிறகு எப்படி நடந்தது?

அம்மா, நியாயமான கோபம்தான். ஆனால் அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். 2024 ஜூன் 14 பிற்பகல், பாசிர் பாஞ்சாங் முனையத்தில் 'மரீன் ஹானர்' என்ற எரிபொருள் கப்பல் சும்மா நின்றுகொண்டிருந்தது. இயந்திரமும் சுக்கானும் கட்டுப்பாட்டை இழந்த ஒரு தூர்வாரும் கப்பல், 'வாக்ஸ் மேக்சிமா', வந்து அதை இடித்தது. ஒரு எண்ணெய்த் தொட்டி கிழிந்து சுமார் 400 டன் கடலில் கலந்தது. இடித்தது எண்ணெய்க் கப்பலே இல்லை. எண்ணெய்க் கப்பலுக்கு எத்தனை விதி போட்டாலும், பக்கத்தில் வருகிறவனின் இயந்திரம் நின்றுபோனால் அது ஓரளவுக்குத்தான் தாங்கும். நாம் ஒழுங்காக ஓட்டினாலும் பின்னால் வருகிற லாரிக்கு பிரேக் பிடிக்க வேண்டுமே, அந்த மாதிரி.

சரி, 400 டன் பெரிதா சிறிதா? 1997 அக்டோபர் 15 அன்று சிங்கப்பூர் நீரிணையில் 'எவோய்கோஸ்', 'ஓராபின் குளோபல்' என்ற இரண்டு டாங்கர்கள், அதாவது எண்ணெய்க் கப்பல்கள், மோதியபோது சுமார் 28,500 டன் கொட்டியது. நம் வரலாற்றில் அதுதான் ஆகப் பெரியது. அதோடு ஒப்பிட்டால் 2024இல் கொட்டியது எழுபதில் ஒரு பங்குதான். ஆனால் உங்கள் பேத்திக்கு இந்த வகுத்தல் கணக்கால் என்ன பிரயோஜனம்? கரைக்கு ஒட்டி நடந்ததால் செந்தோசா, லேப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட், செயிண்ட் ஜான்ஸ், லாசரஸ், குசுத் தீவு எல்லாம் மாட்டிக்கொண்டன. எத்தனை டன் என்பதைவிட எங்கே கொட்டியது என்பது பல சமயம் பெரிய விஷயம். இன்னொன்று, நம் ஊரில் கடல் வெறும் குளிக்கிற இடமில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஐந்து இருக்கின்றன. அவற்றின் உறிஞ்சுகுழாய் பக்கம் எண்ணெய் போனால் கணக்கே வேறு.

கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர், தஞ்சோங் பகார்
இரட்டைச் சுவர், சோதனை, சான்றிதழ், மறுபடியும் சோதனை. இந்தச் செலவெல்லாம் கடைசியில் பெட்ரோல் பம்பில் நிற்கும் நம் தலையில்தானே விழுகிறது?

விழுகிறது. எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். நீங்கள் கணக்குப்பிள்ளை, தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவில் திருத்தி அனுப்புங்கள்.

ஒரு பெரிய டாங்கர் ஏறத்தாழ 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் ஏற்றும். புதுக் கப்பல் விலையை 12.5 கோடி அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரட்டைச் சுவரால் கட்டுமானச் செலவு பத்துப் பதினைந்து விழுக்காடு ஏறும் என்பார்கள், 1.5 கோடி டாலர் என்று போடுங்கள். கப்பல் 25 வருஷம் ஓடி, வருஷத்துக்கு ஆறு முறை நிறை சரக்கோடு போனால் மொத்தம் 30 கோடி பீப்பாய். வகுத்தால் பீப்பாய்க்கு 5 அமெரிக்கக் காசு. வட்டி, கூடுதல் பெயின்ட், கூடுதல் பராமரிப்பு எல்லாம் சேர்த்து அதை இரட்டிப்பாக்கி 10 காசு என்றே வைப்போம். ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர். ஆக, லிட்டருக்கு 0.06 காசு. ஒரு காசில் பதினாறில் ஒரு பங்கு!

இங்கே 95 ரக பெட்ரோலுக்கு 2021இலிருந்து தீர்வை மட்டும் லிட்டருக்கு 66 சிங்கப்பூர்க் காசு. பம்பில் நின்று திட்ட வேண்டுமானால் திட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள், பாவம் அந்த இரண்டாவது சுவரை விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்கு பெரிய கப்பலுக்குத்தான் இவ்வளவு அழகாக வரும். நம் துறைமுகத்தில் கப்பல்களுக்கு எரிபொருள் கொடுக்கும் சின்ன பங்கர் கப்பல்கள் இருக்கின்றனவே, அவற்றில் அதே மாதிரி செலவை மிகக் குறைந்த எண்ணெய்மேல்தான் பரப்ப முடியும். அந்த முதலாளிகள் முனகுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முழு நியாயம் இல்லை, ஏனென்றால் கரைக்கு மிக அருகில் நாள் முழுக்கச் சுற்றுகிறவை அவைதான்.

பொறியியல் மாணவர், கிளமெண்டி
இரட்டைச் சுவர் உண்மையிலேயே வேலை செய்ததா? கொடுத்த காசுக்குத் தகுமா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறோம்.

இரண்டு கட்சியிடமும் பாதி உண்மை இருக்கிறது. இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் சொல்ல வேண்டும், கோப்பி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கதை. 1989 மார்ச் 24, 'எக்சான் வால்டீஸ்' அலாஸ்காவில் பாறையில் ஏறி ஏறத்தாழ 37,000 டன் கொட்டியது. அளவில் பார்த்தால் உலகின் பெரிய கசிவுகளில் அது முன்வரிசையிலேயே வராது. 1979இல் டொபேகோ அருகே 'அட்லாண்டிக் எம்ப்ரஸ்' இழந்தது 2,87,000 டன். ஆனால் நீர்நாயும் கடற்பறவையும் எண்ணெயில் ஊறிச் செத்த படங்கள் தொலைக்காட்சியில் வந்தன. அமெரிக்கா 1990இல் சட்டம் போட்டது, இனி இரட்டைச் சுவர்தான் என்று. பின்னாலேயே உலகக் கடல்துறை அமைப்பும் 1993 ஜூலை 6இலிருந்து கட்ட ஒப்பந்தமாகும் புதுக் கப்பல்களுக்கு அதையே விதியாக்கியது. 1999இல் பிரான்ஸ் கரையில் 'எரிக்கா', 2002இல் ஸ்பெயின் கரையில் 'பிரஸ்டீஜ்' இரண்டும் உடைந்த பிறகு பழைய ஒற்றைச் சுவர்க் கப்பல்களையும் சீக்கிரமே ஓரங்கட்டச் சொன்னார்கள்.

தொழில்நுட்பம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பெரிய கப்பலில் வெளிச்சுவருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவில் சுமார் இரண்டு மீட்டர் இடைவெளி. அங்கே எண்ணெய் வைக்கக் கூடாது, சரக்கில்லாமல் போகும்போது கப்பல் நிலையாக மிதக்கக் கடல்நீர் ஏற்றிக்கொள்ளலாம். மெதுவாகத் தரைதட்டினாலோ உரசினாலோ வெளித்தோல் கிழியும், உள்ளே இருப்பது தப்பும். வேகமாக வந்து நேராக இடித்தால் இரண்டும் போகும். நம்மிடமே உதாரணம் உண்டு. 2010 மே 25 அன்று சாங்கிக்கு அப்பால் சரக்குக் கப்பலோடு மோதிய 'புங்கா கெலானா 3' இரட்டைச் சுவர்க் கப்பல்தான், அப்படியும் சுமார் 2,500 டன் வெளியே வந்தது. அமெரிக்க விபத்துகளை வைத்து 2011இல் வந்த ஓர் ஆய்வு, டாங்கர் விபத்துகளில் கொட்டும் அளவை இரட்டைச் சுவர் சராசரியாக 62 விழுக்காடு குறைக்கிறது என்றும், வேறு படகால் இழுத்துச் செல்லப்படும் எண்ணெய்ப் படகுகளில் 20 விழுக்காடுதான் என்றும் கண்டது. ஆக, வேலை செய்கிறது. மந்திரம் இல்லை.

இப்போது, இரண்டாவது சுவர் தண்டம் என்கிற கட்சிக்கு ஆதாரம். 700 டன்னுக்கு மேல் கொட்டிய பெரிய டாங்கர் கசிவுகள் 1970களில் வருஷத்துக்குச் சராசரி 24க்கு மேல். 1980களில் ஒன்பது சொச்சம். 1990களில் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு, 2000களில் மூன்று சொச்சம், 2010களில் இரண்டுக்கும் கீழே. பெரிய இறக்கம் எங்கே இருக்கிறது பாருங்கள். எழுபதிலிருந்து எண்பதுக்கு! அப்போது இரண்டாவது சுவர் விதியே கிடையாது. 1979 விலையேற்றத்துக்குப் பிறகு எண்ணெய் வியாபாரமே சுருங்கியது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 'டோரி கேன்யன்' 1967இல் இங்கிலாந்துக் கரையில் உடைந்ததற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்த மலிவான விதிகள் வேலை செய்யத் தொடங்கியிருந்தன.

மலிவு என்றால் எவ்வளவு மலிவு? நம் நீரிணையையே எடுங்கள். பிலிப் கால்வாய் பக்கம் மூன்று கிலோமீட்டர்கூட அகலம் இல்லை. 1975இல் 'ஷோவா மாரு' இங்கே தரைதட்டிய பிறகு இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து உட்கார்ந்து, போகிற கப்பலுக்கு ஒரு தடம், வருகிற கப்பலுக்கு ஒரு தடம் என்று வரைபடத்தில் கோடு போட்டன. பெரிய கப்பலின் அடிக்கும் கடல்தரைக்கும் நடுவில் எப்போதும் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் வேண்டும், சில பகுதிகளில் 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னார்கள். 1981இல் அது நடைமுறைக்கு வந்தது. வரைபடத்தில் மையால் கோடு போட எத்தனை டன் இரும்பு வேண்டும்?

காசு சம்பாதித்துக் கொடுத்த விதிகூட உண்டு. முன்பெல்லாம் எண்ணெயை இறக்கிவிட்டுத் தொட்டியைக் கடல்நீரால் கழுவி, அந்தக் கழுவுநீரைக் கடலிலேயே ஊற்றிவிடுவார்கள். யாரும் அதை விபத்தாக எண்ணியதில்லை. அப்புறம் கச்சா எண்ணெயையே பீய்ச்சித் தொட்டியைக் கழுவும் முறையைக் கொண்டுவந்தார்கள். சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த எண்ணெய் கரைந்து சரக்கோடு சேர்ந்து இறங்கியது, அதற்கும் காசு கிடைத்தது! அந்த விதியை எதிர்த்த முதலாளி பிறகு வாயே திறக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: இரண்டாவது சுவர் தண்டம் இல்லை. ஆனால் மலிவான வேலைகள் பெரும் பங்கைச் செய்து முடித்த பிறகு வந்த விலையுயர்ந்த வேலை அது. கடைசித் துளியைப் பிழிய எப்போதும் அதிகக் கை வலிக்கும். 1990களில் சில பொருளாதார ஆய்வாளர்கள் இதன் செலவு நன்மையைவிட அதிகம் என்று எழுதினார்கள், அன்றைய கணக்கில் அது அசட்டுத்தனமும் இல்லை. எனக்கு அந்தக் கணக்கோடு ஒரே சண்டைதான்: இரும்புக்கு ரசீது உண்டு, கொட்டாமல் கப்பலுக்குள்ளேயே இருந்துவிட்ட எண்ணெய்க்கு ரசீது போட ஆளில்லை.

இன்னொன்று, இது புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், எனக்கு முழங்காலில் இருக்கிறது. அந்த இரண்டு மீட்டர் இடைவெளி இருக்கிறதே, இருட்டு, ஈரம், உப்பு. துருவுக்கு அதைவிடச் சொர்க்கம் கிடையாது. பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு பழைய கப்பலைவிடப் பல மடங்கு. ஒரு கப்பலில், பெயர் வேண்டாம், மேன்ஹோல் வழியாக இறங்கிச் சுத்தியலால் தட்டினேன், துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. மேலே வந்து சொன்னால் கப்பல்காரரின் ஆள், "அடுத்த டாக்கிங்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரிக்கிறார். புதுக் கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிக்குப் பெயின்ட் 15 வருஷம் தாங்க வேண்டும் என்று பிறகு தனி விதியே போட்டார்கள். சுவரைக் கட்டுவது ஒரு நாள் செலவு, காப்பது ஆயுள் செலவு. உங்கள் வகுப்பில் இரண்டு கட்சியும் இதைக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

தொடக்கக் கல்லூரி மாணவி, சிராங்கூன்
கடலுக்கும் உயிருக்கும் எப்படி விலை போடுகிறார்கள்? கேட்கவே அருவருப்பாக இருக்கிறது.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது, பாப்பா. ஆனால் விலை போடாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? சும்மா சுழியம் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

உலகக் கடல்துறை அமைப்பு ஒரு விதி கொண்டுவரும் முன் ஒரு மதிப்பீடு செய்வார்கள். ஒரு உயிரைக் காக்க 30 லட்சம் அமெரிக்க டாலர்வரை செலவானால் அந்த விதி தகும் என்பது அவர்கள் நெடுநாள் வைத்திருக்கும் அளவுகோல். எண்ணெய்க்கு, ஒரு டன் கொட்டாமல் தடுக்க 60,000 டாலர்வரை செய்யலாம் என்று ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்று சொன்னது. அதில் ஒரு சிக்கல், முதல் டன்னுக்கும் பத்தாயிரமாவது டன்னுக்கும் ஒரே விலையா? கூட்டமாக விவாதித்து, கொட்டும் அளவு கூடக்கூட டன்னுக்கான சேதம் குறைவதாக ஒரு சூத்திரத்துக்கு வந்தார்கள். 67,275 டாலரை, டன் அளவின் 0.5893 அடுக்கால் பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஒரு டன் கொட்டினால் 67,275 டாலர். 400 டன் என்றால் மொத்தம் சுமார் 23 லட்சம், அதாவது டன்னுக்கு 5,700 சொச்சம். 28,500 டன் என்றால் டன்னுக்கு ஆயிரத்தை ஒட்டி வரும்.

இதில் எனக்குப் பிடித்தது, சின்னக் கசிவுக்கும் சுத்தம் செய்யும் படையை ஒருமுறை கிளப்பியே ஆக வேண்டும் என்ற உண்மை அதில் இருக்கிறது. பிடிக்காதது, இது உலகச் சராசரி. பத்து மைலுக்கு ஆளில்லாத கரைக்கும் செந்தோசாவுக்கும் ஒரே சூத்திரம். நம் மாதிரி ஊருக்கு அந்த எண் குறைத்தே மதிப்பிடும் என்பது என் எண்ணம். உங்கள் கட்டுரையில் இதை எழுதுங்கள், ஆசிரியர் கேள்வி கேட்டால் என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

கப்பல் பட்டறைத் தொழிலாளர், துவாஸ் (சொந்த ஊர் அறந்தாங்கி)
அண்ணே, டாங்குக்குள் இறங்க ஒரு பெர்மிட், வெல்டிங்குக்கு ஒரு பெர்மிட், கேஸ் பார்த்ததற்கு ஒரு கையெழுத்து. பாதி நேரம் தாளிலேயே போகிறது. இதெல்லாம் யாருக்குத் தம்பட்டம்?

தம்பி, நீ சொல்கிற அலுப்பு எனக்குத் தெரியும். நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் 1978 அக்டோபர் 12ஐப் பற்றி உனக்கு யாராவது சொன்னார்களா? ஜூரோங் கப்பல் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க டாங்கர் பழுதுக்கு நின்றது. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய நேரம். எரிபொருள் தொட்டிக்குள் கச்சா எண்ணெய் கலந்து ஆவி சேர்ந்திருந்தது, வெட்டும் தீப்பொறி போதுமாக இருந்தது. 76 பேர் போய்விட்டார்கள். சிங்கப்பூரின் தொழில் விபத்துகளில் இதற்கு மேல் ஒன்று இன்றுவரை இல்லை. அன்றைக்கு ஒரு சின்னக் கருவியை உள்ளே நீட்டி ஆவி இருக்கிறதா என்று பார்த்திருந்தால்?

கேஸ் மீட்டர் பார்க்காமல் இறங்காதே. ஆக்சிஜன் 20.9 விழுக்காடு காட்ட வேண்டும். துருப்பிடித்த மூடிய தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும், மணமும் இருக்காது, மயக்கம்தான் முதல் எச்சரிக்கை. பார்க்காமலேயே கையெழுத்துப் போடச் சொல்கிற மேற்பார்வையாளர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல். இந்தச் செலவுக்கு எந்தச் சூத்திரமும் எனக்கு வேண்டாம்.

மற்றபடி எல்லாத் தாளும் புனிதம் என்று சொல்ல மாட்டேன். கப்பலில் இருக்கும் மாலுமிகள் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று உலக விதி. அதற்கும் ஒரு தாள். ஓய்வு எடுத்ததாக எழுதும் அந்தத் தாளை ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து நிரப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விதியின் செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் இரும்பையும் பெயின்டையும் எண்ணுகிறார்கள், அந்தத் தூக்கத்தை எண்ணுவதில்லை. 1997 மோதலின்போது கரையிலிருந்த போக்குவரத்துக் கண்காணிப்பு மையம் எச்சரித்தும் கப்பல்கள் மோதின. விதி எவ்வளவு இருந்தாலும், கேட்டுச் செய்ய விழித்திருக்கும் மனிதன் ஒருவன் வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர், புங்கோல்
எண்ணெயையே விட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

உண்மைதான். அதுவரை, 2024இல் மட்டும் நம் துறைமுகம் கப்பல்களுக்கு விற்ற எரிபொருள் 5 கோடியே 49 லட்சம் டன். உங்கள் கார் கப்பலில்தான் வந்தது.

டாக்சி ஓட்டுநர், ஈசூன்
அரசாங்கம் நல்ல கப்பலை நசுக்குகிறது, தகரடப்பா கப்பலெல்லாம் ஜாலியாகப் போகிறது என்று என் பயணி ஒருவர் சொன்னார். நிஜமா?

உங்கள் பயணிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. இதுதான் இன்றைக்கு என்னை உறுத்துவது.

2023 மே 1இல் ஜொகூர் கிழக்குக் கரைக்கு அப்பால், திங்கித் தீவுப் பக்கம் 'பாப்லோ' என்ற டாங்கர் வெடித்தது. 1997இல் கட்டியது, காபோன் நாட்டுக் கொடி. நல்லவேளை, சரக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரைக் காணவில்லை. சேதத்துக்குப் பொறுப்பேற்கக் காப்பீட்டு நிறுவனம் எதுவும் முன்வரவில்லை, எலும்புக்கூடு மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தது. அடுத்த வருஷம் 2024 ஜூலை 19இல் பெட்ரா பிராங்காத் தீவுக்கு வடகிழக்கே 'ஹாஃப்னியா நைல்', 'சீரிஸ் 1' என்ற இரண்டு டாங்கர்கள் மோதித் தீப்பிடித்தன. சிங்கப்பூர்க் கொடி பறந்த முதல் கப்பலின் ஆட்களை நம் கடற்படை மீட்டது. 2001இல் கட்டிய 'சீரிஸ் 1' அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது, இரண்டு நாள் கழித்து மலேசியக் கடலோரக் காவல்படை தேடிப் பிடித்தது.

தடை விதிக்கப்பட்ட நாடுகளின் எண்ணெயைச் சுமக்கப் பழைய கப்பல்கள் ஒரு கூட்டமாகச் சுற்றுகின்றன. கொடி மாறும், பெயர் மாறும், தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவியை அணைத்துவிடுவார்கள், நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுவார்கள். நம் துறைமுகத்துக்குள் வந்தால் ஆய்வாளர் ஏறிப் பார்க்கலாம், ஓட்டை இருந்தால் பிடித்து வைக்கலாம். வராமல், நீரிணை வழியாகக் கடந்து மட்டும் போனால்? உலகச் சட்டப்படி அந்த வழி எல்லாருக்கும் திறந்த வழி. விதிக்குக் கட்டுப்பட்டவன் சுவர் கட்டி, பெயின்ட் அடித்து, காப்பீடு எடுத்து, சம்பளமும் ஒழுங்காகக் கொடுக்கிறான். அவனுக்கு வாடகை கூடும். கட்டுப்படாதவன் அதே தண்ணீரில் அவனுக்குப் பக்கத்திலேயே மலிவாக ஓட்டுகிறான். ஒரு புது விதி போட்டால் முதலாமவனுக்கு இன்னும் ஒரு செலவு, இரண்டாமவனுக்கு ஒன்றுமில்லை.

அதனால் இன்றைக்கு என்னிடம் ஒரு கோடி வெள்ளி கொடுத்து எண்ணெய்ப் பாதுகாப்புக்குச் செலவிடச் சொன்னால் மூன்றாவது சுவர் கட்ட மாட்டேன். கப்பல்மேல் ஏறிப் பார்க்க ஆட்களை எடுப்பேன், காப்பீட்டுத் தாள் நிஜமா போலியா என்று பார்க்க நாலு பிடிவாதக்காரர்களை உட்கார வைப்பேன், மிச்சத்தில் இழுவைப் படகு வாங்குவேன். உங்கள் பயணி மறுபடி ஏறினால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள், ஆளெடுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இல்லத்தரசி, ஜூரோங் வெஸ்ட்
எங்கள் பெரியம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். 2017இல் எண்ணூரில் கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெய் அள்ளியதைப் பார்த்து இங்கே எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு அழுகை வந்தது. அந்த நஷ்டமெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது?

சிரித்தவர்களை விடுங்கள். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். 2017 ஜனவரி 28 விடிவதற்கு முன், காமராசர் துறைமுகத்துக்கு வெளியே எரிவாயுக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் மோதின. முதலில் சேதம் எதுவுமில்லை என்றுதான் செய்தி வந்தது. பிறகு கொட்டியது நூறு டன்னைத் தாண்டியது என்று தெரிந்தது. கப்பலின் கெட்டியான எரிபொருள் எண்ணெய் அது, மணலும் குப்பையும் கலந்து களியாகிவிட்டால் உறிஞ்சும் இயந்திரமே திணறும். கடைசியில் கைதான். இங்கே 2024இலும் கரையில் முக்கால்வாசி வேலையைச் செய்தது வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வெயிலில் மண்வெட்டியும் வாருகோலும் பிடித்த மனிதர்கள்தான், அதில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். வித்தியாசம், எண்ணெயைச் சுற்றி வளைக்கிற மிதவைத் தடுப்பு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதில் இருக்கிறது. இங்கேயும் அது தாமதம் என்று ஜனங்கள் கேட்கத்தான் செய்தார்கள், நீரோட்டம் காத்திருக்காதே.

பெரியம்மாவின் நஷ்டத்துக்கு வருகிறேன். டாங்கர் எண்ணெய் கொட்டினால் கப்பல்காரர் தப்பே செய்யாவிட்டாலும் ஒரு வரம்புவரை இழப்பீடு கொடுக்க வேண்டும், அதற்காகக் கட்டாயக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று உலக ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு மேலே, எண்ணெய் இறக்குமதி செய்கிறவர்களிடம் வசூலித்த நிதியும் உண்டு. இந்தியாவும் சிங்கப்பூரும் இரண்டிலும் சேர்ந்திருக்கின்றன. வலை வீணான மீனவரும் கடை மூடியவரும் கேட்கலாம். ஆனால் கேட்கிறவர் தினமும் எவ்வளவு சம்பாதித்தார் என்று ஏதாவது ஒரு விதத்தில் காட்ட வேண்டும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவரிடம் எந்தப் பேரேடு இருக்கும்? எண்ணெய் படாத மீனைக்கூட "எண்ணெய் மீன்" என்று ஜனங்கள் வாங்காமல் போன அந்த நாட்களுக்கு யார் சாட்சி?

பெரியம்மா அந்த மாதம் கந்துவட்டிக்கு வாங்கினாரா, எவ்வளவு, எப்போது அடைத்தார் என்று முடிந்தால் கேட்டு எழுதுங்கள். பெயர் போட மாட்டேன்.